புதுக்கோட்டைக்குப் பன்னிரண்டா, பதின்மூன்றா?

'புதுக்கோட்டை' என்ற சொல்லில் ஆறு எழுத்துகள்: பு, து, க், கோ, ட், டை. கணினி எழுத்தை எண்ணுவதில்லை, குறியீட்டைத்தான் எண்ணும். யூனிகோட் முறையில் அகரமேறிய மெய்க்கு ஓர் எண், அதன்மேல் ஏறும் குறிக்கு இன்னோர் எண். மெய்யெழுத்தின் புள்ளியும் ஒரு குறிதான். ஆக, ஆறு எழுத்துக்கும் பன்னிரண்டு குறியீடுகள். வில்லங்கம் 'கோ'வில் இருக்கிறது. முன்னால் வரும் இரட்டைக் கொம்பையும் பின்னால் வரும் காலையும் சேர்த்து ஒரே குறியாகப் பதியலாம். கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் இரண்டு குறியாகப் பதிந்தாலும் தவறில்லை. அப்படிப் பதிந்தால் மொத்தம் பதின்மூன்று. திரையில் பார்த்தாலும் அச்சிட்டுப் பார்த்தாலும் இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம் தெரியாது. ஆனால் இரண்டும் ஒரே சொல்லா என்று கணினியிடம் நேரடியாகக் கேட்டால், இல்லை என்று சொல்லிவிடும். யூனிகோட் தரம் இவ்விரண்டையும் சமமானவை என்றே வரையறுக்கிறது. ஒன்றை மற்றொன்றாக மாற்றிச் சமப்படுத்தும் வழியையும் தருகிறது. அந்த வழியை நிரலில் யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எழுதாத இடத்தில் ஒரே மாவட்டம் இரண்டாகிவிடும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டிய பழைய கோப்புகளைச் சேர்த்தால் இரண்டு என்பது மூன்றும் நான்கும் ஆகும்.

ஊர்ப் பெயருக்கே இந்தப் பாடு என்றால் ஆட்களின் பெயருக்கு? ஓர் ஊழியரைப் பற்றிய விவரம் ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை. தனியார் நிறுவனங்களில் ஆள்கணக்குப் பதிவு ஒன்று, சம்பளக் கணக்கு ஒன்று, அலுவலக உள்வலையில் படமும் பதவியும் தொலைபேசி எண்ணும் காட்டும் புரொஃபைல் பக்கம் ஒன்று என்று பரவிக் கிடக்கும். அரசுப் பணியில் இது இன்னும் விரிவு. மணமேல்குடி ஒன்றியத்தில் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை மாறுதல் கலந்தாய்வில் விராலிமலைக்கு இடம் எடுக்கிறார் என்று வையுங்கள். கடலோரத்திலிருந்து திருச்சி-மதுரை நெடுஞ்சாலைப் பக்கம். மாவட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறிவிடலாம். அவருடைய பணிப்பதிவேடு வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போக வேண்டும். சம்பளம் வேறொரு பணம் பெற்று வழங்கும் அலுவலரின் பட்டியலில் ஏற வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் 'எமிஸ்' தளத்தில் பள்ளி மாற வேண்டும். ஓய்வூதியக் கணக்கு, மருத்துவக் காப்பீடு, தேர்தல் பணிக்கு ஆள் எடுக்கும் பட்டியல், தொழில் வரி போய்ச் சேரும் உள்ளாட்சி எல்லாவற்றுக்கும் அவர் இடம் மாறியது தெரிய வேண்டும். இந்தப் பதிவுகளை ஒன்றுக்கொன்று முரணில்லாமல் வைத்திருப்பதைத்தான் ஒத்திசைவு என்கிறார்கள். கணினிகளைக் கம்பியால் இணைத்துவிட்டால் ஒத்திசைவு வந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கம்பி இழுப்பதுதான் இதில் எளிய பகுதி. ஒரு விவரத்தைப் பற்றிச் சொல்ல எந்தப் பதிவேட்டுக்கு அதிகாரம், அது சொன்ன பிறகு மற்றவை வாய்மூடிக் கேட்க வேண்டுமா என்ற முடிவுதான் கடினம். அந்த முடிவு நிர்வாகத்தின் வேலை. எந்த மென்பொருளும் அதை எடுத்துத் தராது.

ஆள் பட்டியல் போடுவது நமக்குப் புதிதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் முதலாம் இராஜராஜன் காலத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டு ஒன்று, கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்கள் சுமார் 400 பேரை வரிசையாகச் சொல்கிறது. ஒவ்வொருவர் பெயரும், முன்பு எந்தக் கோயிலில் இருந்தார் என்பதும், தஞ்சையில் எந்தத் தெருவில் எந்தப் பக்கம் எத்தனையாவது வீடு என்பதும் அதில் உண்டு. ஆளுக்கு ஒரு பங்கு என்று ஆண்டுக்கு நூறு கலம் நெல். இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அந்த இடம் யாருக்கு என்ற விதியும் சேர்ந்தே இருக்கிறது. பெயர், முந்தைய பணியிடம், முகவரி, ஊதியம், காலியிடம் நிரப்பும் விதி: இன்றைய பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் இதற்குமேல் என்ன இருக்கிறது? ஒரு குறைதான். கல்லில் வெட்டியதைத் திருத்த முடியாது. அதனாலேயே அது ஒத்திசைவுச் சிக்கலிலிருந்து தப்பியது என்றும் சொல்லலாம். ஒரே படிதான் இருந்தது.

படிகள் பெருகத் தொடங்கிய காலத்தைத் தொலைபேசி அடைவு காட்டுகிறது. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1878-ல் வந்த முதல் அடைவு ஒரே ஓர் அட்டை. அதில் ஐம்பது பேர். யாருக்கும் எண் கிடையாது. பெயரைச் சொன்னால் இணைப்பகத்தில் இருப்பவர் இணைத்துத் தருவார். அடுத்த ஆண்டு லோவெல் நகரில் அம்மை பரவியபோது, ஆட்களைப் பெயர் சொல்லி அறிந்த இணைப்பாளர்கள் படுத்துவிட்டால் வேலை நின்றுபோகுமே என்று ஒரு மருத்துவர் கவலைப்பட்டு, சந்தாதாரர்களுக்கு எண் கொடுக்கச் சொன்னார் என்பது தொலைபேசி வரலாற்றில் சொல்லப்படும் செய்தி. ஆளைத் தெரிந்தவர் இருக்கும்வரை பெயர் போதும். தெரியாதவர் கைக்கு வேலை போகும்போது எண் வேண்டும். கணினிக்கு யாரையும் தெரியாது. தொலைபேசி நிறுவனங்களின் பழக்கத்தை ஒட்டியே 1988-ல் 'எக்ஸ்.500' என்ற அடைவுத் தரம் வந்தது. அது கனமாக இருந்ததால் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அதை இலகுவாக்கி 1993-ல் 'எல்-டேப்' என்ற நெறிமுறை வகுத்தார்கள். இன்று பெரும்பாலான அலுவலகங்களில் காலையில் பெயரும் கடவுச்சொல்லும் தட்டி உள்ளே நுழையும்போது பின்னால் வேலை செய்வது அதன் வழிவந்த ஏதோ ஒன்றுதான். அடைவை ஆயிரம் முறை படிப்பார்கள், எப்போதாவது ஒருமுறைதான் திருத்துவார்கள் என்ற அனுமானத்தில் கட்டப்பட்ட அமைப்பு அது. அதனால் பல இடங்களில் படியெடுத்து வைப்பது அதற்கு இயல்பு. மாறுதல் சீசனில் ஆயிரக்கணக்கான பேர் ஒரே மாதத்தில் இடம் மாறும் நம் ஊர் வழக்கம் அந்த அனுமானத்தைச் சோதித்துப் பார்க்கிறது.

ஒத்திசைவின் முதல் கேள்வி, இந்தப் பதிவேட்டில் இருப்பவரும் அந்தப் பதிவேட்டில் இருப்பவரும் ஒருவர்தானா என்பது. இதற்கென்றே ஒரு புள்ளியியல் துறை வளர்ந்திருக்கிறது. ஒரு மனிதனின் பிறப்பு முதல் இறப்பு வரையான பதிவுகளைப் பொருத்துவதற்கு 1946-ல் ஹால்பர்ட் டன் 'பதிவிணைப்பு' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். 1969-ல் ஃபெல்லெஜி, சன்டர் என்ற இருவர் அதற்குக் கணித அடித்தளம் போட்டார்கள். அவர்கள் கணக்குப்படி இரண்டு பதிவுகளின் பொருத்தம் மூன்று கூடைகளில் விழும்: நிச்சயமாக ஒருவர், நிச்சயமாக வேறொருவர், மனிதர் பார்த்து முடிவு செய்ய வேண்டியவர். மூன்றாவது கூடையை ஒழிக்க முடியாது, சுருக்கத்தான் முடியும் என்பதே அந்தக் கோட்பாட்டின் சாரம். தமிழ்ப் பெயர்களில் அந்தக் கூடை பெருத்துத்தான் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்து உண்டு. அது முன்னால் வரலாம், பின்னால் வரலாம், தமிழிலும் வரலாம் ஆங்கிலத்திலும் வரலாம். திருமணத்துக்குப் பின் சில பெண்களுக்கு அதுவும் மாறும். கடவுச்சீட்டுப் படிவம் குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் தந்தை பெயரை விரித்து எழுதியவர்களுக்கு இன்னொரு வடிவமும் சேர்ந்துவிடும். தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. மொழிக்கு நல்லது, ஆனால் பெயரை வைத்து ஆளைப் பொருத்தும் கணினிக்கு அது இன்னொரு வடிவம்.

எழுத்து வித்தியாசத்தை அளந்து பார்த்துப் பொருத்தலாமே என்றால் அதற்கும் அளவுகோல் இருக்கிறது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணும் முறையை 1965-ல் ரஷ்யக் கணிதவியலாளர் லெவன்ஸ்டைன் வகுத்தார். 'தமிழ்செல்வி' என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது முதலெழுத்துக்கு 'டி' மட்டும் போடுவார் ஒருவர், 'டி-எச்' போடுவார் இன்னொருவர். ழகரத்துக்கு 'எல்' என்பார் ஒருவர், 'இசட்-எச்' என்பார் மற்றவர். இந்த இரண்டு தேர்விலேயே நான்கு வடிவங்கள் வந்துவிடும். அவற்றில் எதிரெதிராக நிற்கும் இரண்டுக்கு இடையே லெவன்ஸ்டைன் தூரம் 3. இருவரும் ஒரே ஆள். செல்வன், செல்வம் இருவருக்கும் இடையே தூரம் 1. இவர்கள் வேறு வேறு ஆட்கள். ஒரே ஆளுக்குள் இருக்கும் தூரம் இரண்டு ஆட்களுக்கு இடையே இருக்கும் தூரத்தைவிட அதிகமாகிவிட்டால் எந்தக் கோட்டில் நிறுத்திப் பிரிப்பது? ஊர்ப் பெயர்களையும் சேர்த்தால் இன்னும் மோசம். 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி வந்த அரசாணை, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. புதுக்கோட்டைக்கு ஆங்கிலத்தில் ஒரு 'கே'யா இரண்டு 'கே'யா என்ற வழக்கு இன்றும் பெயர்ப்பலகைகளில் தீரவில்லை.

ஆகவே பெயரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், திறவுகோலாக வைக்கக் கூடாது. எண் வேண்டும்; அது பணியில் சேரும் நாளில் கொடுக்கப்பட்டு, மாறுதலிலும் பதவி உயர்விலும் மாறாமல், ஓய்வுக்குப் பிறகும் வேறொருவருக்குப் போகாமல் இருக்க வேண்டும். பதவியையோ அலுவலகத்தையோ பிறந்த ஆண்டையோ எண்ணுக்குள் பொதிந்து வைப்பது சாமர்த்தியமாகத் தோன்றும். பிற்பாடு பிறந்த தேதி திருத்தப்பட்டால் எண்ணே பொய் சொல்லத் தொடங்கும். இங்கே உடனே எழும் கேள்வி: எல்லோரிடமும் ஆதார் இருக்கிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன? ஆதாரில் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. அதன் பன்னிரண்டாவது இலக்கம் சரிபார்ப்புக்கென்றே வைக்கப்பட்டது. டச்சுக் கணிதவியலாளர் வெர்ஹோஃப் 1969-ல் தந்த முறைப்படி கணக்கிடப்படுவதால், ஓர் இலக்கம் தவறினாலும் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் உடனே காட்டிக் கொடுத்துவிடும். ஊழியர் எண்ணிலும் இப்படி ஒரு காவல் இலக்கம் இருந்தால் தட்டச்சுப் பிழைகள் வாசலிலேயே நின்றுவிடும். ஆனால் ஆதாரையே அலுவலகத் திறவுகோலாக்குவது வேறு. அலுவலக எண் வெளியே கசிந்தால் புது எண் கொடுத்து ஆளை ஆற்றிவிடலாம். ஆதார் கசிந்தால் அந்த மனிதரின் வங்கியும் ரேஷனும் மருத்துவமும் அதோடு கட்டப்பட்டிருக்கின்றன. ஒரு கதவுக்குச் செய்த சாவி எல்லாக் கதவையும் திறப்பது வசதியா ஆபத்தா என்பதில் 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த ஆதார் தீர்ப்பு தெளிவாகவே எச்சரித்தது. தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க வழிவிட்ட சட்டப் பகுதியை அது நீக்கியது.

இதைவிட வலுவான ஆட்சேபம் இன்னொன்று. பல பதிவேடுகளை வைத்துக்கொண்டு ஒத்திசைக்கப் பாடுபடுவானேன், ஒரே பெரிய தரவுத்தளமாக வைத்துவிட்டால் ஒத்திசைக்க என்ன இருக்கிறது? தமிழ்நாடு அரசு இந்தத் திசையில் கணிசமான தூரம் நடந்திருக்கிறது. 2019 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டத்தில் சுமார் 9 லட்சம் ஊழியர்களின் பணிப்பதிவேடும் சம்பளமும் ஒரே கூரைக்குள் கொண்டுவரப்பட்டன. ஊழியர் தன் விவரத்தைக் கைபேசியில் பார்க்கக் 'களஞ்சியம்' செயலியும் வந்தது. பணிப்பதிவேடு ஓரிடத்திலும் சம்பளப் பட்டியல் ஓரிடத்திலும் இருந்த காலத்தின் பெரும் முரண்களை இது ஒரே வீச்சில் குறைக்கக்கூடியது. ஆட்சேபிப்பவர் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்கு மாற்றுப்பணி என்ற ஒற்றைச் சொல்லே பதில். அறந்தாங்கிப் பக்கம் ஒரு பள்ளியில் பணியிடம் உள்ள ஆசிரியர், ஆள் பற்றாக்குறையால் வேறொரு பள்ளியில் மாற்றுப்பணி பார்க்கிறார். அவர் எங்கே வேலை பார்க்கிறார் என்று கருவூலத்தைக் கேட்டால் தாய்ப்பள்ளி என்று சொல்லும், சம்பளம் அங்கேதான். எமிஸைக் கேட்கும் கல்வித் துறைக்கோ எந்த வகுப்பறையில் இன்று ஆள் நிற்கிறார் என்பது முக்கியம். இரண்டு பதிலும் சரி. ஒரே தரவுத்தளத்தில் 'பணியிடம்' என்று ஒரே ஒரு கட்டம் வைத்து இருவரையும் நிரப்பச் சொன்னால், ஒருவர் எழுதியதை மற்றவர் அழிப்பார். திங்கட்கிழமை தாய்ப்பள்ளி, செவ்வாய்க்கிழமை மாற்றுப்பள்ளி என்று கட்டம் ஊசலாடும். இரண்டு கேள்விகள் ஒரே சொல்லுக்குள் ஒளிந்திருப்பதுதான் கோளாறு. ஊதியம் பெறும் இடம், பணிபுரியும் இடம் என்று இரண்டு கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரரை வைத்தால் சண்டை ஓயும். தரவுத்தளம் ஒன்றா பத்தா என்பது அதற்குப் பிறகுதான் பொருட்டாகும்.

கட்டம் கட்டமாகச் சொந்தக்காரரை நிர்ணயிப்பது என்பது நடைமுறையில் இப்படித்தான் இருக்கும். பிறந்த தேதிக்குச் சொந்தக்காரர் பணிப்பதிவேடு. அதற்கு ஆதாரம் பள்ளி இறுதிச் சான்றிதழ். பெயர் மாறினால் அரசிதழ் அறிவிப்பு வந்த பிறகே மாறும். அடிப்படை ஊதியத்தைப் பற்றிச் சம்பளக் கணக்கு சொல்வதே இறுதி. எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்பது தலைமையாசிரியருக்குத் தெரிந்தது; மாவட்டத் தலைநகரில் உட்கார்ந்து அதைத் திருத்த யாருக்கும் வேலையில்லை. கைபேசி எண், படம், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய உறவினர் இவற்றுக்கு ஊழியரே சொந்தக்காரர். தன்னைப் பற்றித் தனக்குத்தானே நன்றாகத் தெரியும், எல்லாவற்றையும் ஊழியரே திருத்திக்கொள்ளட்டும் என்று வாதிடுபவர்கள் உண்டு. கைபேசி எண்ணில் அது சரி. பணிமூப்பு நாளில் அதை அனுமதித்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. மறுபக்கம், கைபேசி எண்ணை மாற்றவும் மூன்று மேசை தாண்டிக் கையொப்பம் வேண்டும் என்று வைத்தால், ஊழியர் திருத்தவே மாட்டார். பழைய எண்ணோடு பதிவேடு அழகாக இருக்கும், யாரையும் அழைக்க முடியாது.

சில கட்டங்களுக்குச் சொந்தக்காரரே தேவையில்லை, ஏனென்றால் அவை இருக்கவே கூடாது. ஓய்வு பெறும் நாள் அப்படிப்பட்டது. தமிழ்நாட்டில் ஓய்வு வயது 58 ஆக இருந்தது. 2020 மே மாதம் அது 59 ஆயிற்று. ஓராண்டு ஆகும் முன்பே, 2021 பிப்ரவரியில், 60 என்று அறிவிக்கப்பட்டது. பிறந்த தேதியை மட்டும் வைத்துக்கொண்டு ஓய்வு நாளைத் தேவைப்படும்போது கணக்கிட்ட அமைப்புகளில் ஒரு விதியைத் திருத்தினால் போதும். ஓய்வு நாளையே ஒரு விவரமாக எழுதி, அதை அடையாள அட்டைக்கும் உள்வலைப் பக்கத்துக்கும் காப்பீட்டுப் பட்டியலுக்கும் படியெடுத்த இடங்களில் ஒவ்வொரு படியையும் தேடிப் பிடித்து இரண்டு முறை திருத்தியாக வேண்டும். கணக்கிட்டு அறியக்கூடியதை ஒத்திசைக்கப் போனால், ஒரு பிழையைப் பல இடங்களில் நட்டு வளர்ப்பதாகத்தான் முடியும்.

சொந்தக்காரர் தெரிந்தபின் வருவது காலம். இரண்டு பதிவேடுகளில் வேறு வேறு விவரம் இருந்தால், கடைசியாகத் திருத்தப்பட்டது எதுவோ அதை எடுத்துக்கொள் என்பது பல மென்பொருள்களின் விதி. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் இரண்டு கணினிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகும் என்று யார் உறுதி சொல்வது? பரவிக் கிடக்கும் கணினிகளில் எது முன், எது பின் என்பதைக் கடிகாரத்தை மட்டும் நம்பிச் சொல்ல முடியாது என்று லெஸ்லி லாம்போர்ட் 1978-ல் எழுதிய கட்டுரை இந்தத் துறையின் அடிக்கல்லாகக் கருதப்படுகிறது. அலுவலகத்தில் சிக்கல் இன்னும் ஒரு படி ஆழமானது. பதிந்த நாள் வேறு, நடைமுறைக்கு வரும் நாள் வேறு. முன்தேதியிட்ட பதவி உயர்வு ஆணை இன்று கைக்கு வரும். அது சொல்லும் உண்மை மூன்று ஆண்டுகளுக்கு முந்தையது. நேற்று பதிந்த ஈட்டிய விடுப்பைவிட அது பிந்திய பதிவு, முந்திய நிகழ்வு. இரண்டு நாளையும் தனித்தனியாக வைத்திருந்தால்தான், அன்றைக்கு என்ன தெரிந்திருந்தது, இன்றைக்கு என்ன தெரிகிறது என்று பிரித்துப் படிக்க முடியும். நம் அலுவலகத் தாள்கள் இதைக் கணினிக்கு வெகு முன்பே அறிந்திருந்தன. பணிவிடுவிப்பு ஆணையிலும் பணியேற்பு அறிக்கையிலும் தேதியோடு முற்பகலா பிற்பகலா என்று எழுதும் வழக்கம் இருக்கிறதே, அது வெறும் சடங்கில்லை. ஒருவர் ஒரே நாளில் இரண்டு அலுவலகத்தில் சம்பளம் வாங்காமலும், எந்த அலுவலகத்திலும் இல்லாமல் அந்தரத்தில் தொங்காமலும் பார்த்துக்கொள்ளும் அரைநாள் துல்லியம் அது. அந்தச் சொல்லுக்குக் கட்டம் வைக்காமல் தேதியை மட்டும் கேட்கும் மென்பொருள், எழுத்தர் அறிந்திருந்ததை மறந்துவிடுகிறது.

சேர்வதையும் மாறுவதையும் விடக் கடினமானது போவது. ஒருவர் பெயர் ஒரு பட்டியலில் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. இங்கே புதிதாகச் சேர்ந்து அங்கே இன்னும் ஏறவில்லையா, அங்கே நீக்கப்பட்டு இங்கே இன்னும் அழிக்கப்படவில்லையா? வரி இல்லை என்பதிலிருந்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் நிரலாளர்கள் யாரையும் துடைத்தழிப்பதில்லை. இன்னார் இன்ன நாளில் போனார் என்று ஒரு குறிப்பை விட்டுவைக்கிறார்கள். அந்தக் குறிப்புக்கு ஆங்கிலத்தில் கல்லறைக் கல் என்று பெயர். நாம் நடுகல் என்று சொல்லலாம். புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் பொற்பனைக்கோட்டையில் தமிழி எழுத்துப் பொறித்த நடுகல்லே கிடைத்திருக்கிறது, உவமைக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. நடுகல் நடத் தவறினால் வரும் விலையை 2021 மே மாதம் அமெரிக்கா பார்த்தது. அதன் கிழக்குக் கடற்கரையின் எரிபொருளில் ஏறக்குறைய 45 விழுக்காட்டைச் சுமக்கும் கலோனியல் குழாய்த் தடம் கணினித் தாக்குதலால் நாட்கணக்கில் நின்றது. பிணைத்தொகையாக சுமார் 44 லட்சம் டாலர் கைமாறியது. ஊடுருவியவர்கள் நுழைந்த வாசல், யாரும் பயன்படுத்தாமல் கிடந்தும் மூடப்படாத ஒரு தொலைநுழைவுக் கணக்கு. ஊழியர் பட்டியலும் கணக்குப் பட்டியலும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளாத இடத்தில் இப்படிப்பட்ட கதவுகள் திறந்தே கிடக்கும். இதற்கு நேரெதிர் விபத்தும் உண்டு. மூலப் பட்டியல் பாதியில் அறுந்து வந்தால், மீதிப் பேர் எல்லாம் போய்விட்டார்கள் என்று முடிவுகட்டி ஒத்திசைவு அவர்கள் கணக்கை வரிசையாக நீக்கத் தொடங்கும். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் அடைவு ஒத்திசைவு மென்பொருள், ஒரே ஓட்டத்தில் 500-க்கு மேல் நீக்கல்கள் வந்தால் தானாக நின்று மனிதரைக் கேட்கும்படி அமைக்கப்பட்டிருப்பது இதனால்தான். சிறு அலுவலகத்துக்கு அந்த வரம்பு ஐந்தாகக்கூட இருக்கலாம்.

இவ்வளவும் பெரிய இடத்துச் சமாச்சாரம், இருபது பேர் அலுவலகத்தில் பிரிவு எழுத்தர் கையாலேயே மாற்றிவிடுவார் என்று சொல்லலாம். ஆள் எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல இந்தப் பாரம். பதிவேடுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஏழு பதிவேடுகளை ஒன்றோடொன்று சரிபார்க்க 21 இணைகள். ஒவ்வொரு விவரத்துக்கும் மூலம் எது என்று தீர்மானித்து, மூலத்திலிருந்து மட்டும் மற்றவை எடுத்துக்கொண்டால் ஒரு விவரத்துக்கு ஆறு இணைப்புகளே போதும். அந்த எழுத்தரே ஒருநாள் மாறுதலில் போவார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தரங்கம் பற்றிய ஆட்சேபத்தை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது. ஒத்திசைவு என்ற பெயரில் ஊழியரின் வீட்டு முகவரியும் சாதியும் வங்கிக் கணக்கும் மருத்துவ விடுப்பின் காரணமும் பத்து இடத்துக்குப் படியெடுக்கப்பட்டால், கசிவதற்குப் பத்து ஓட்டை. ஒரு பெண் ஊழியரின் சொந்தக் கைபேசி எண் அலுவலக உள்வலைப் பக்கத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரிவதில் யாருக்கு என்ன நன்மை? 2023-ல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் விவரத்தைத் திருத்தக் கேட்கும் உரிமையை ஆளுக்குத் தருகிறது. மூலம் எது என்று தெரியாத அமைப்பில் அந்த உரிமை செல்லாக்காசு: ஓரிடத்தில் திருத்தியதை அன்றிரவே பழைய படி வந்து அழித்துவிடும். ஆகவே இந்த ஆட்சேபம் ஒத்திசைவை மறுப்பதைவிட அதன் அளவை வரையறுக்கிறது. உள்வலைப் பக்கத்துக்குப் பெயர், பதவி, பிரிவு, அலுவலகத் தொலைபேசி போதும். ஒரு திசையில் மட்டும் போகட்டும். பக்கத்தைப் பார்ப்பவர் தட்டியது மூலத்துக்குள் திரும்பிப் பாயக் கூடாது.

மீதமிருப்பது அலுவலகங்களே உருமாறும் சங்கடம். 2024 ஆகஸ்டில் புதுக்கோட்டை நகராட்சி, சுற்றுப்புற ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சி ஆனது. ஒரு நாற்காலியும் நகராமலேயே அங்கே பணிபுரிபவர்களின் அலுவலகப் பெயர் மாறிவிட்டது. இந்த மண்ணுக்கு இது முதல்முறையும் இல்லை. 1948 மார்ச்சில் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. 1974 ஜனவரி 14-ல், தஞ்சாவூரிடமிருந்தும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு, தனி மாவட்டமானது. 1972-ல் திருமயத்தில் பணியேற்ற ஒருவரின் பணிப்பதிவேட்டு முதல் பக்கத்தில் மாவட்டம் திருச்சிராப்பள்ளி என்றும், அதே ஆண்டு அறந்தாங்கியில் சேர்ந்தவர் பக்கத்தில் தஞ்சாவூர் என்றும் இருக்க வேண்டும். இன்று ஓய்வூதியப் பட்டியலில் இருக்கும் இவர்களின் பழைய பக்கத்தை இன்றைய ஊர்ப் பட்டியலோடு ஒப்பிடும் நிரல், திருமயமும் அறந்தாங்கியும் புதுக்கோட்டை மாவட்டம் என்று கண்டு, இரண்டையும் பிழை என்று சிவப்பில் காட்டும். அதை அழுத்திச் சரிசெய்யாமல் இருக்க அந்த நிரலுக்குத் தெரிய வேண்டியது, அந்தப் பக்கம் எழுதப்பட்ட தேதி.